ஒழுங்குபடுத்தப்பட்ட ஓய்வு

யூலியானா கேட்டது ஒரேயொரு நாள். அந்த ஒரு நாளில் அவள் எங்கும் போகப்போவதில்லை. வீட்டில் பாயைப் போட்டுப் படுக்கப்போகிறாள், அவ்வளவுதான். முல்லைத்தீவுக் கரையோரம் இருந்த அந்தப் பாடசாலையில் அதுவரை எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றிருக்கிறார்கள். செத்தவீடு என்று சொல்லி நின்றிருக்கிறார்கள். ஒரு பெடியனின் மாமா ஒருவர் ஒரே பள்ளித் தவணையில் பலமுறை செத்திருக்கிறார். களைத்துப்போனேன், ஒருநாள் விடுங்கள் என்று உள்ளதைச் சொல்லிக் கேட்டவள் இவள்தான். அங்கேதான் பிழை நடந்தது.

அவள் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். பரீட்சைக்குச் சில கிழமைகளே இருந்தன. பெறுபேறுகளைத் தூக்கி நிறுத்துவதற்கென்று 'பெறுபேறு உயர்த்தல் செயலணி' என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அது 'முழுமூச்சு' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. விடியமுதலே வகுப்புத் தொடங்கும். பின்னேரம் மேலதிக வகுப்பு. அது முடிய மீட்டல் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வரும் பிள்ளைகளை ஏற்றிப்போகத் தேவாலய வாசலில் வான் நிற்கும். முழுமூச்சுத் திட்டத்தில் மூச்சு விடுவதற்கு மட்டும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் வீட்டுக்கு வந்தவள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தாய் யூலிற்றா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன பிள்ளை முணுமுணுக்கிறாய், செபமே?"

"இல்லையம்மா. சிறுநீரகத்தின்ர பகுதியள்."

"முதல்ல சாப்பிடு."

"சாப்பிட்டிட்டன்தானே?"

கோப்பையில் போட்ட சோறு போட்டபடி கிடந்தது. யூலியானா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறன் அம்மா. எழுத்துத் தெரியுது. என்ன சொல்லுதெண்டு விளங்கேல்லை. முந்தி விளங்கினதும் இப்ப இல்லை."

"நாளைக்குப் போகாத. வீட்டில படு" என்றாள் யூலிற்றா.

தகப்பன் கிறகோரி வெளியே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் பேனை வைத்திருக்கும் ஆட்களிடம் அவனுக்குப் பெரிய மரியாதை. "சும்மா நிண்டால் பிழையாப் போயிடும். ரீச்சரைக் கேட்டுப்போட்டு நில் மோள்" என்றான்.

ஆகவே அவள் மறுநாள் ஜெயரூபி ரீச்சரிடம் போய்க் கேட்டாள். மாணவருக்கு ஆலோசனை சொல்வதற்கென்று நியமிக்கப்பட்டவர் அவர். ஆலோசனை அறையில் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்தபடியால் மாமரத்தின் கீழே நின்றுதான் ஆலோசனை சொல்வார். ரீச்சர் நல்ல மனுசி. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "நீர் யோசிக்காதையும். நான் பெரிய சேரோட கதைக்கிறன்" என்றார்.

பாடசாலை அதிபரான பெரிய சேர் தில்லைநாதன் கேட்டதும் அதிர்ந்துபோனார்.

"ஓய்வோ? ரீச்சர், ஓய்வெண்டுறது பெறுபேறு வந்தாப் பிறகு எடுக்கிறது. என்ர சேவைக்காலத்தில நான் ஒருநாளும் ஓய்வெடுத்ததில்லை." அவர் அப்போதுதான் மேசையில் இருந்து தலையை நிமிர்த்தியிருந்தார். கோப்பொன்றின் கம்பி அவருடைய கன்னத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. "அதோட, அந்தப் பிள்ளைக்கு மூண்டு பாடத்திலையும் ஏ வருமெண்டு நான் மேலிடத்துக்கு அறிவிச்சிட்டன். அறிவிச்சாப் பிறகு களைக்கிறதெண்டால் எப்பிடி?"

"பிள்ளைக்கு உண்மையா ஏலாமல் கிடக்கு சேர்."

"ஏலுமெண்டுதானே அறிவிச்சிருக்கு."

ஆனாலும் அவர் பொறுப்பான மனிதர். ஒரு பொறுப்பைத் தானே வைத்திருக்காமல் மேலே அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. செயலணியின் இணைப்பாளர் பிரியந்தினிக்கு உடனே தொலைபேசி எடுத்தார்.

பிரியந்தினி மேடம் கொழும்பில் மாணவர் மனநலம் பற்றிய கருத்தரங்கு ஒன்றை முடித்துக்கொண்டு அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தார். மறுநாளே வாகனத்தில் வந்து இறங்கினார். அதிபரின் அறையில் ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டினார்.

"ஓய்வு மிக மிக அவசியம். இதை நான் எங்கேயும் சொல்லுவன். ஆனால் ஒரு பிள்ளை வீட்டில தனிய இருந்து ஓய்வெடுத்தால் அதை ஆர் மேற்பார்வை செய்யிறது? அது சரியா எடுத்ததோ, பிழையா எடுத்ததோ? எடுத்ததுக்கு என்ன ஆதாரம்? அப்பிடிக் கண்டபடி ஓய்வெடுத்துத்தான் எங்கட சமூகம் இந்த நிலைக்கு வந்திருக்கு. ஓய்வை நாங்கள் ஒழுங்குபடுத்த வேணும்."

இவ்வாறு 'ஒழுங்குபடுத்தப்பட்ட ஓய்வுத் திட்டம்' பிறந்தது. யூலியானாவை அழைத்துத் தோளில் தட்டினார்கள்.

"மகள், நீங்கள்தான் எங்கட கண்ணைத் திறந்தது" என்றார் பிரியந்தினி.

"அப்ப நாளைக்கு நான் வீட்டில நிக்கலாமோ மேடம்?"

"நாளைக்கு எப்பிடி? நாளைக்கு ஓய்வுக்கான திட்டமிடல் கூட்டம். நீங்கள்தானே மாணவர் பிரதிநிதி."

கூட்டம் நாள் முழுவதும் நடந்தது. அதற்குப் போன நேரத்தை ஈடுசெய்ய மீட்டல் வகுப்பை இன்னும் நீட்டினார்கள்.

அடுத்த கிழமை ஓய்வுப் பயிற்சி தொடங்கியது. வவுனியாவில் இருந்து சுகிர்தன் என்ற வளவாளர் பயிற்சி கொடுக்க வந்தார். அவர் உண்மையில் கணித வளவாளர். ஓய்வுக்கு ஆள் கிடைக்காதபடியால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பிரதான மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கிப் பாய்களை விரித்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பாய்களுக்கு நடுவே நடந்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ. இப்ப நீங்கள் அமைதியான ஓரிடத்தில நிக்கிறீங்கள். குளிர்ந்த காத்து வீசுது. ஆர் அது கொட்டாவி விடுறது? கொட்டாவிக்கு நேரம் இருக்கு, நான் சொல்லேக்கை விடலாம். மூச்சை இழுங்கோ. பின்வரிசை, இழுத்ததை விடாதேங்கோ, நான் இன்னும் சொல்லேல்லை."

யூலியானா பாயில் படுத்துக் கண்ணை மூடியதுதான் அவளுக்குத் தெரியும். பாயின் கோரை மணம் மூக்கில் ஏறியது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு உடம்பு கீழே கீழே இறங்கிப் போவதுபோல இருந்தது. அவள் நித்திரையாகிவிட்டாள்.

ஒலிபெருக்கியைக் காதுக்குக் கிட்டப் பிடித்து அவளை எழுப்பினார்கள்.

"என்ன மகள் இது? எல்லாரும் ஓய்வெடுக்கேக்கை நீங்கள் நித்திரை கொள்ளுறீங்கள்?" சுகிர்தன் சேருக்குக் கோபம் இல்லை. கவலைதான். "நித்திரை கொண்டால் ஓய்வின்ர படிமுறையளை எப்பிடிப் பின்பற்றுறது?"

பயிற்சியின் முடிவில் பரீட்சை வைத்தார்கள். ஓய்வின் வரைவிலக்கணம் என்ன, ஓய்வின் வகைகள் எவை, ஓய்வுக்கும் சோம்பலுக்கும் இடையிலான வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக. படிமுறைகள் சொல்லிக்கொடுத்த நேரத்தில் நித்திரையாக இருந்தவளுக்கு விடை தெரியவில்லை. முழுப் பாடசாலையிலும் ஓய்வில் சித்தியடையாத ஒரே பிள்ளை அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பரிகார ஓய்வு வகுப்புக்கு வரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் குறைவாகவே கதைத்தாள். தாய் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சீப்போடு மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. யூலிற்றா அதைச் சுருட்டிச் சேலைத் தலைப்பில் மறைத்தாள்.

ஒரு மாலை கிறகோரி கரையில் நின்று தோணியை மேலே இழுத்துக்கொண்டிருந்தான். மாரி தொடங்கிக் கடல் கறுத்துக் கிடந்தது. ஒழுங்கையால் ஒரு சைக்கிள் வந்தது. மணலில் இறங்கியும் அது நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். அலை முன் சில்லைப் பிடித்து ஆட்டியபோதுதான் சைக்கிள் சரிந்து நின்றது. கிறகோரி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான்.

"மோள்! ஏன் இஞ்ச வந்தனீ?"

யூலியானா சுற்றிப் பார்த்தாள். முழங்கால் வரை நனைந்திருந்தது.

"தெரியேல்லை அப்பா. நான் வீட்டைதான் வந்தனான். வீடு வரேல்லை."

கிறகோரி அவளைப் பிடித்தபடி அப்படியே நின்றான். கடலில் எவ்வளவோ பார்த்தவன். இப்படி ஒரு பயம் அவனுக்கு வந்ததில்லை. சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மறுகையால் மகளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

"இனிப் போகவேண்டாம்" என்றான்.

ஆனால் காலையில் தில்லைநாதன் சேரே மோட்டார் சைக்கிளில் வீட்டுப் படலைக்கு வந்துவிட்டார். அவருடைய சட்டைப்பையில் இரண்டு பேனைகள் இருந்தன. "நாளையிண்டைக்கு ஓய்வுத் திட்டத்தின்ர ஆரம்ப விழா. பிள்ளைதான் சிறப்புரை. அது முடியட்டும் கிறகோரி. முடிஞ்ச கையோட ஒரு முழுநாள் ஓய்வு. நான் பொறுப்பு." கிறகோரி தலையைச் சொறிந்தான். பெரிய மனுசன் வீடு தேடி வந்திருக்கிறார். அவன் தலையாட்டினான். யூலிற்றா குசினிக்குள் இருந்து வெளியே வரவில்லை.

விழா நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வாசலில் இருந்து மண்டபம் வரை இரு பக்கமும் கொடிகளுடன் நின்றார்கள். 'ஓய்ந்திரு, உயர்ந்திரு' என்று கொடிகளில் எழுதியிருந்தது. விருந்தினர்கள் வரப் பிந்தியது. கொடிகளில் மை கரைந்து பிள்ளைகளின் கைவழியே வடிந்தது. இடையில் சின்ன வகுப்புப் பிள்ளையொன்று மயங்கி விழுந்தது. அதைத் தூக்கிப்போய் ஓய்வுக் கண்காட்சிக்கென்று போட்டிருந்த கட்டிலில் கிடத்தப் பார்த்தார்கள். கட்டில் இன்னும் திறந்துவைக்கப்படவில்லை என்று சொல்லி ஒரு மர வாங்கில் கிடத்தினார்கள்.

மங்கள விளக்கு ஏற்றி முடிந்ததும் தில்லைநாதன் சேர் பேசினார்.

"இந்த ஓய்வுக்காக என்ர பிள்ளையள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. சாப்பாடில்லை, நித்திரையில்லை, இரவு பகலாப் பயிற்சி எடுத்தவை. வேற எந்தப் பாடசாலையிலையாவது பிள்ளையள் இவ்வளவு கஷ்டப்பட்டு ஓய்வெடுத்திருக்கினமோ?"

கைதட்டல் எழுந்தது. அடுத்து பிரியந்தினி மேடம்.

"மற்ற மாவட்டங்களோட ஒப்பிட்டால் நாங்கள் ஓய்வில பின்தங்கித்தான் நிக்கிறம். அதை ஒத்துக்கொள்ள வேணும். வாற வருசம் ஓய்வில நாங்கள் முதலாமிடம் வருவம். அதுக்காக ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கூடம் முடிய மேலதிகமா ஓய்வெடுக்க வேண்டி வரும். இதுக்கெல்லாம் காரணம் ஒரு மாணவியின்ர குரல். அந்தக் குரலுக்கு நாங்கள் செவிசாய்ச்சம். இப்ப அவ உங்களோட பேசுவா. செல்வி..." அவர் திரும்பித் தில்லைநாதனைப் பார்த்தார். "பிள்ளையின்ர பேர் என்ன?"

யூலியானா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். சிறப்புரையைப் பிரியந்தினி மேடத்தின் அலுவலகத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அவள் அதைப் பாடமாக்கியிருந்தாள். 'ஓய்வு என்னும் ஒளிவிளக்கு' என்று தொடங்கும். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது.

"எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றாள் அவள்.

முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார்.

"எனக்கு நித்திரை வருது. நான் படுக்க வேணும்."

"நல்ல நடிப்பு" என்றார் இன்னொரு விருந்தினர். கைதட்டினார்கள். கைதட்டல் பின்வரிசைவரை பரவியது. யூலியானாவின் கண்கள் கூட்டத்துக்குள் எதையோ தேடின.

"அம்மா..." என்றாள் ஒலிவாங்கியில். "வீட்டை போவம் அம்மா."

பெற்றோருக்கென்று ஒதுக்கியிருந்த கடைசி வாங்கில் இருந்து யூலிற்றா எழும்பினாள். நடுவழியால் நேரே நடந்து வந்து மேடையில் ஏறினாள். விளக்கில் முட்டாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அம்மா, இன்னும் நன்றியுரை இருக்கு" என்று தில்லைநாதன் குறுக்கே வந்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ சேர். நான் பிள்ளையைக் கொண்டுபோறன்."

இதுவும் நாடகத்தின் பகுதிதான் என்று நினைத்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயரூபி ரீச்சர் மட்டும் தட்டவில்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

அன்று பின்னேரம் படுத்தவள் மறுநாள் மத்தியானம்வரை எழும்பவில்லை. நடுவில் யூலிற்றா இரண்டுதரம் மூக்கருகே கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். காலையில் படலையடியில் வாகனம் வந்து நின்றது. பிரியந்தினி மேடமும் படம் பிடிக்கிற ஒருவரும் இறங்கினார்கள்.

"பிள்ளை எங்கையம்மா?"

"படுத்திருக்கிறா."

"அதைத்தான் பார்க்க வந்தனாங்கள். சத்தம் போடமாட்டம். ஓய்வெடுக்கிற மாதிரி ஒரு படம் மட்டும்."

"அவ மாதிரிக்கு எடுக்கேல்லை மேடம்" என்று சொல்லி யூலிற்றா படலையைச் சாத்தினாள்.

யூலியானா எழும்பிக் குளித்துவிட்டு, மீன் குழம்பில் இருந்த தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சில நாள் கழித்துப் புத்தகத்தை எடுத்துத் திண்டாடித் திண்டாடி ஒரு பக்கம் வாசித்தாள். போனதெல்லாம் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் விளங்கியது. "பரீட்சை எழுதப்போறன் அம்மா" என்றாள்.

அதற்குள் பரீட்சை அனுமதி அட்டைகள் பாடசாலைக்கு வந்திருந்தன. எல்லோருக்கும் கொடுத்தார்கள். யூலியானாவின் அட்டை மட்டும் அதிபரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. விழாவை இடையில் குழப்பி, செயலணியைப் படலையில் மறித்த குடும்பத்துக்கு அப்படிச் சும்மா கொடுக்க முடியாது. பிள்ளை வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், விடுபட்ட ஓய்வையும் மேற்பார்வையின் கீழ் எடுத்து முடிக்க வேண்டும் என்று ஜெயரூபி ரீச்சர் மூலம் சொல்லியனுப்பினார்கள். சொல்ல வந்த ரீச்சர் படலையில் நின்று அழுதார். "நான் சேரோட கதைச்சது பிழையாப்போச்சு" என்றார்.

"நீங்கள் எங்கட பிள்ளைக்காகத்தானே கதைச்சனீங்கள். அழாதேங்கோ" என்றான் கிறகோரி. "நான் போறன்."

விடியக் களப்பில் இறால் கூட்டைத் தூக்கிவிட்டு, சாரத்தைக்கூட மாற்றாமல் அதிபரின் அறைக்குப் போனான். தில்லைநாதன் நிபந்தனைகளை விளக்கினார். கிறகோரி முழுவதையும் மரியாதையாகக் கேட்டான்.

"சரி சேர். நான் இதில இருக்கிறன். நீங்கள் தரேக்கை வாங்கிக்கொண்டு போறன்" என்று விருந்தினர் கதிரையில் இருந்தான்.

அதற்கு முன் அவன் அந்த அறையில் இருந்ததில்லை. மெத்தைக் கதிரை, மேலே விசிறி. இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றவன். சற்று நேரத்தில் தலை பின்னால் சாய்ந்தது. குறட்டை எழுந்தது. சேற்று மணமும் இறால் மணமும் அறை முழுக்க நிறைந்தன. தில்லைநாதன் இருமிப் பார்த்தார். மேசையில் தட்டிப் பார்த்தார். காவலாளியைக் கூப்பிட எழும்பியபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓய்வுத் திட்டத்தின் வெற்றியைக் காட்டுவதற்காகப் பிரியந்தினி மேடம் வெளியூர் விருந்தினர் சிலரைக் கூட்டி வந்திருந்தார்.

எல்லோரும் கதிரையில் கிடந்தவனைப் பார்த்தார்கள்.

"இவர் ஆர்?" என்றார் பிரியந்தினி.

தில்லைநாதனின் நெற்றி வேர்த்தது. சேவைக்காலம் முழுவதும் அவரைக் காப்பாற்றி வந்த ஏதோவொன்று இப்போதும் காப்பாற்றியது.

"பெற்றோர் ஓய்வு மேடம். எங்கட திட்டத்தின்ர இரண்டாங் கட்டம்."

விருந்தினர்கள் வியந்துபோனார்கள். "எவ்வளவு இயல்பா எடுக்கிறார்" என்றார் ஒருவர். படம் பிடித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கிறகோரி விழித்தான். எதிரே இத்தனை பெரிய மனிதர்கள். அவன் பதறி எழுந்தான். ஆனாலும் வந்த அலுவலை மறக்கவில்லை.

"சேர், பிள்ளையின்ர அட்டை" என்று கையை நீட்டினான்.

எல்லோரும் தில்லைநாதனைப் பார்த்தார்கள். இரண்டாங் கட்டத்தில் பரிசளிப்பும் உண்டு என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். தில்லைநாதன் லாச்சியைத் திறந்தார். அட்டையை இரண்டு கைகளாலும் எடுத்து, படத்துக்காகப் புன்னகைத்தபடி கிறகோரியின் கையில் கொடுத்தார். மறுபடியும் கைதட்டினார்கள். கிறகோரி அட்டையைச் சாரத்து மடிப்பில் நனையாமல் செருகிக்கொண்டு, ஒருவரையும் பாராமல் வெளியே வந்தான்.

பரீட்சையின் முதல் நாள் வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பதற்றப்படாமல் எழுதுவது எப்படி என்று தில்லைநாதன் சேர் மணி அடிக்கும்வரை விளக்கினார். பிள்ளைகள் மண்டபத்துக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. யூலிற்றா வெளியே மதிலோரம் செபமாலையோடு நின்றாள்.

முடிந்து வந்த பிள்ளைகள் வினாத்தாளை விரித்து, எது சரி எது பிழை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யூலியானா கடைசியாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது. விரல்களில் மை.

"எப்பிடிப் பிள்ளை?" என்றாள் யூலிற்றா.

யூலியானா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ளுக்கை ஒருத்தரும் கதைக்கேல்லை அம்மா" என்றாள்.

யூலிற்றா மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வழி நெடுக அவளும் ஒன்றும் கதைக்கவில்லை.